பழைய கொயரி ஃபைல்களிலிருந்து பயிற்சியைத் தொடங்குங்கள்

கேள்வி: எங்களுடையது கரூர் மாவட்டத்தில் 70 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனை. நான் நிர்வாக அலுவலர். கேஷ்லெஸ் கேஸ் (நோயாளிக்குப் பதில் இன்சூரன்ஸ் கம்பெனி மருத்துவமனைக்கு நேராகப் பணம் கட்டுவது) நிறைய வருகிறது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மூன்று பெண்கள் இருந்தார்கள், ஒருவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விளக்கம் கேட்டு கொயரி மேல் கொயரி வருகிறது. காலையில் டிஸ்சார்ஜ் சொன்ன நோயாளி சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்கள் டெஸ்க்கைத் திட்டுகிறார்கள். சென்னையில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கு டெஸ்க் ஆட்களை அனுப்பலாமா என்று எம்.டி. கேட்கிறார். "இன்சூரன்ஸ்காரன் கேட்கிற மாதிரி ஃபைல் எழுதக் கற்றுக்கொண்டால் போதும்" என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம் மேடம். சென்னைப் பயிற்சிக்கு இப்போது யாரையும் அனுப்ப வேண்டாம். டெஸ்க் பெண்கள் அங்கே போய் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டு வந்தாலும், திரும்பி வந்ததும் அவர்கள் கைக்கு வருகிற கேஸ் ஷீட் பழைய கேஸ் ஷீட்டாகத்தான் இருக்கும். நான் முன்பு ஒரு டிபிஏ-வில் (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் நிறுவனம்) கிளெய்ம் பார்க்கும் டாக்டராக இருந்தேன், இப்போது உங்களைப் போன்ற நடுத்தர மருத்துவமனைகளில் பயிற்சி கொடுக்கிறேன். அங்கே இருந்தபோது நான் போட்ட கொயரிகளையும் இங்கே வந்தபின் பார்க்கிற கொயரிகளையும் வைத்துச் சொல்கிறேன், பெரும்பாலானவற்றுக்கும் டெஸ்க்குக்கும் சம்பந்தமே இருக்காது. கேஷுவாலிட்டியிலோ வார்டிலோ ஆபரேஷன் தியேட்டரிலோ (ஓ.டி.) யாரோ அவசரத்தில் எழுதிய, அல்லது எழுதாமல் விட்ட, ஒரு வரிக்காகத்தான் அந்தப் பெண் திட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

முதல் வேலையாக, கடந்த மூன்று மாதத்தில் கொயரி வந்த, பணம் வெட்டப்பட்ட, நிராகரிக்கப்பட்ட ஃபைல்களை எல்லாம் எடுங்கள். ஒரு நீளமான நோட்டில் மூன்று பத்தி போட்டு, என்ன கேட்டார்கள், அதற்குக் காரணமான தாள் எது, அந்தத் தாள் எந்தப் பிரிவிலிருந்து வந்தது என்று எழுதுங்கள். ஆள் பெயர் வேண்டாம், பிரிவு போதும். பெயர் எழுத ஆரம்பித்தால் அன்றைக்கே அது விசாரணை ஆகிவிடும், அப்புறம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நோட்டு நிரம்ப நிரம்ப, எந்தப் பிரிவில் என்ன பழக்கம் திரும்பத் திரும்பச் சிக்கலைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துவிடும். உங்கள் பயிற்சிக்கான பாடத்திட்டம் அதுதான். வெளியிலிருந்து வருகிற எந்தப் பயிற்சியாளருக்கும், என்னையும் சேர்த்து, அது தெரியாது.

அந்த நோட்டில் முதலிடம் பிடிக்கப்போவது என்ன என்று இப்போதே ஊகிக்க முடிகிறது: பழைய நோய் விவரம். இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சு வலி என்று ஒருவரைக் கூட்டி வருகிறார்கள். டூட்டி டாக்டர் 'சுகர் இருக்கா' என்று கேட்கிறார், கூட வந்த மருமகன் 'ரொம்ப நாளா இருக்குங்க' என்கிறார், டாக்டர் பத்து வருடம் என்று எழுதிவிடுகிறார். மறுநாள் மனைவி வந்து மூன்று வருடம் என்கிறார், அட்மிஷன் ஷீட்டில் அது ஏறுகிறது. ஆஞ்சியோவுக்குப் பிறகு போடும் டிஸ்சார்ஜ் சம்மரியில் வருடமே இல்லை. இப்போது பாலிசி நான்கு வருடத்துப் பாலிசி என்றால், இந்த மூன்று தாளையும் ஒன்றாகப் பார்க்கிற கிளெய்ம் டாக்டர் என்ன செய்வார்? கொயரிதான் போடுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. பாலிசி எடுக்கும்போது இருந்த நோயைச் சொல்லாமல் விட்டாரா என்பதை அவர் பார்த்தே ஆக வேண்டும். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிகளை மாற்றியபின், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் (அந்த நோய்க்குப் பாலிசி பணம் கொடுக்காத ஆரம்பக் காலம்) அதிகபட்சம் 36 மாதம்; தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, 'அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லை' என்ற காரணத்தைக் காட்டி மறுக்க முடியாது. அதாவது மூன்று வருடமா, பத்து வருடமா என்பதில் ஒரு குடும்பத்தின் சில லட்ச ரூபாய் தொங்குகிறது. அதை அந்த மருமகனின் 'ரொம்ப நாளா'வை வைத்து முடிவு செய்யக் கூடாது.

டூட்டி டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது கேட்கும் முறையை. எப்போது முதன்முதலில் கண்டுபிடித்தார்கள், எந்த டாக்டர், பழைய மருந்துச் சீட்டு கையில் இருக்கிறதா, இதைச் சொல்வது நோயாளியா வேறு யாருமா? தகவல் சொன்னவர் யார் என்பதையும் எழுத வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதலாம், அவசரக் கேஸில் அதில் ஒரு தப்பும் இல்லை. காலையில் நோயாளியிடமே கேட்டு, சீட்டைப் பார்த்து, தேதி நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். இன்னொரு இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்: ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டர் எழுதும் தாள். வெளியிலிருந்து வருகிறவர், தனியாகக் கேட்டு, தனியாக எழுதிவிட்டுப் போவார். அட்மிஷன் ஷீட்டில் இரண்டு வருட ரத்த அழுத்தம், அவர் தாளில் ஆறு வருடம். அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வார்டில் ஒருவர் இருக்க வேண்டும். சம்மரி டைப் ஆவதற்கு முன்பு, ஃபைல் உங்கள் கையில் இருக்கும்போதே.

உங்கள் எம்.டி. சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முரண்பாடு தெரிந்ததும் சில இடங்களில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் எழுதுவார்கள், அல்லது பத்தை இரண்டாக்குவார்கள். இதைச் செய்யவே கூடாது, இதற்குப் பயிற்சி என்ற பெயரையும் கொடுக்கக் கூடாது. தவறாக எழுதியிருந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, அதற்கான ஆதாரம் என்ன என்று குறித்து, தேதி நேரத்தோடு கையெழுத்துப் போட வேண்டும். அடித்த வரி கீழே படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். நோயாளிக்கு உண்மையிலேயே பத்து வருடச் சுகர் என்றால் பத்து என்றே ஃபைல் சொல்லட்டும். பாலிசி எடுக்கும்போது அதைச் சொல்லியிருந்தால், காத்திருப்புக் காலமும் முடிந்திருந்தால், அந்தப் பத்தால் ஒரு கெடுதலும் வராது. மாற்றி எழுதியது வெளியே வந்தால் மருத்துவமனை இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் நெட்வொர்க்கிலிருந்து போகும், நோயாளியின் பாலிசியும் ரத்தாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த டாக்டர் அந்தக் கேஸ் ஷீட்டை நம்பித்தான் மருந்து கொடுப்பார். எம்.டி.யிடம் இதை நேராகச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். தலைமை இந்த விஷயத்தில் தெளிவாக இல்லாத மருத்துவமனையில் நான் பயிற்சிக்கு ஒப்புக்கொள்வதே இல்லை.

அடுத்து காய்ச்சல் கேஸ்கள். மழைக்காலம் வந்தால் உங்கள் வார்டில் பாதி இதுதான் இருக்கும், 'அட்மிஷன் எதற்கு, வெளிநோயாளியாகவே பார்த்திருக்கலாமே' என்ற கொயரியும் இதற்குத்தான் அதிகம் வரும். வெறும் பரிசோதனைக்காக மட்டும் படுக்கையில் சேர்த்தால் பாலிசி பணம் கொடுக்காது என்பது எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விலக்கு. ஆனால் உங்கள் நோயாளி உண்மையிலேயே மோசமாக இருந்திருப்பார். வாந்தி நிற்கவில்லை, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, எழுந்து நிற்க முடியவில்லை. இதெல்லாம் நடந்தது, யாரும் எழுதவில்லை. நர்ஸ் குறிப்பில் மூன்று நாளும் ஒரே வாசகம், 'நோயாளி நலம், புதிய தொந்தரவு இல்லை'. நலமாக இருப்பவருக்கு மூன்று நாள் எதற்கு ட்ரிப் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? நர்ஸ்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். எத்தனை தடவை வாந்தி, எவ்வளவு குடித்தார், சிறுநீர் எவ்வளவு, டெம்பரேச்சர் எத்தனை மணிக்கு எவ்வளவு, வாய்வழி மருந்து ஏன் கொடுக்க முடியவில்லை. டாக்டர் ரவுண்ட்ஸில் சேர்ப்பதற்கான காரணத்தை முதல் நாளே ஒரு வரியில் எழுதினால் பாதி வேலை முடிந்தது. இது இன்சூரன்ஸுக்காகச் செய்கிற வேலையும் இல்லை, ராத்திரி ஷிஃப்ட்டில் வருகிற நர்ஸுக்கு நோயாளியின் நிலைமை தெரிவதே இந்தக் குறிப்பால்தான்.

விபத்துக் கேஸில் சுருக்கமாக: எப்படி, எங்கே, எத்தனை மணிக்கு அடிபட்டது என்று கேஷுவாலிட்டியிலேயே எழுத வேண்டும், விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பி ஃபைலோடு போக வேண்டும். சாலை விபத்து என்பதற்கு 'ஆர்.டி.ஏ.' என்று மூன்று எழுத்தோடு விட்டால் கொயரி நிச்சயம். குடித்திருந்தாரா என்பதைச் சோதித்துப் பார்த்தால் பார்த்ததை எழுதுங்கள், பார்க்கவில்லை என்றால் ஊகத்தை எழுத வேண்டாம். இம்ப்ளான்ட், ஸ்டென்ட் ஸ்டிக்கர்கள் ஓ.டி.யிலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று குப்பையில் தேடுகிற காட்சியை நான் பல மருத்துவமனைகளில் பார்க்கிறேன்.

சாயங்காலம் வரை காத்திருக்கும் நோயாளி பற்றி எழுதியிருந்தீர்கள், அதுதான் என்னை அதிகம் பாதித்தது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே 29 அன்று வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரின்படி, முதல் கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கான இறுதி அப்ரூவலை மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகப் போடும் கட்டணத்தை நிறுவனம் தன் பங்குதாரர் நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். நல்ல விதிதான், ஆனால் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் முழு ஃபைலையும் போர்ட்டலில் ஏற்றியபின். காலை ஒன்பது மணிக்கு டாக்டர் 'நீங்க வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லிவிட்டு ஓ.டி.க்குப் போய்விடுகிறார். சம்மரி அவர் வந்துதான் பார்க்க வேண்டும். பார்மசியில் மீதி மருந்து திரும்பக் கணக்காகவில்லை. ஒரு லேப் ரிப்போர்ட் பிரின்ட் ஆகவில்லை. டெஸ்க் அப்லோடு செய்யும்போது மணி இரண்டு. அப்புறம் மூன்று மணி நேரம் சேர்த்தால் சாயங்காலம் ஐந்து, இதில் கம்பெனி ஒரு விதியையும் மீறவில்லை. ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு டிஸ்சார்ஜுக்கும் ஐந்து நேரங்களைக் குறித்துப் பாருங்கள்: டாக்டர் சொன்னது, சம்மரி தயாரானது, பில் முடிந்தது, அப்லோடு ஆனது, அப்ரூவல் வந்தது. எந்த இடத்தில் மணிக்கணக்கில் நிற்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரியும், டெஸ்க்கைத் திட்டுவதும் தானாகக் குறையும். நாளைக்கு யார் போகிறார்கள் என்பதை முந்தின நாள் மாலை ரவுண்ட்ஸிலேயே டாக்டர் சொல்லிவிட்டால், சம்மரியை இரவே எழுதிவைக்கலாம், பார்மசி கணக்கையும் முடிக்கலாம், காலையில் மிச்சம் இருப்பது கையெழுத்து மட்டும்தான். மூன்று மணி நேரத்தைத் தாண்டிய கேஸ்களில் விதியைக் காட்டிக் கேட்கவும் இந்த நேரக் குறிப்பு உதவும்.

அட்மிஷன் நேரத்தில் டெஸ்க் பெண்கள் கட்டாயம் செய்யத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு, ரூம் ரென்ட். பாலிசியில் ஒரு நாளுக்கு 3,000 ரூபாய் வரை என்று இருக்கிறது, குடும்பம் 6,000 ரூபாய் ரூம் கேட்கிறது. நாள் ஒன்றுக்கு 3,000 தானே, நாங்கள் கட்டிக்கொள்கிறோம் என்பார்கள். ஆனால் ரூம் வாடகையில் பாதியைத்தான் பாலிசி ஏற்கிறது என்பதால் மற்றக் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்: டாக்டர் ஃபீஸ், ஓ.டி., நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 50,000 வந்தால் அதிலும் பாதி, 25,000, வெட்டப்படும். நான்கு நாள் ரூம் வித்தியாசம் 12,000. மொத்தம் 37,000 கையிலிருந்து போகும். மருந்து, இம்ப்ளான்ட், லேப் பரிசோதனைகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றில் இந்த விகித வெட்டைப் போடக் கூடாது என்று 2020-லேயே ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சொல்லிவிட்டது, ஆனாலும் சில பில்களில் வெட்டியிருப்பார்கள், கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். இன்னொன்று, உங்கள் மருத்துவமனையில் எந்த ரூமாக இருந்தாலும் டாக்டர் ஃபீஸும் ஓ.டி. கட்டணமும் ஒன்றுதான் என்றால் இந்த விகித வெட்டே பொருந்தாது, கட்டணப் பட்டியலை இணைத்துப் பதில் அனுப்புங்கள். இந்தக் கணக்கை அட்மிஷன் போடும்போதே ஒரு தாளில் எழுதிக் காட்டி, தமிழில் விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டால் டிஸ்சார்ஜ் அன்று சண்டையே வராது. அதே நேரத்தில், நாள் குறித்துச் செய்யும் ஹெர்னியா, கண்புரை, பித்தப்பைக் கல் மாதிரி ஆபரேஷன்களுக்குப் பல பாலிசிகளில் 24 மாதக் காத்திருப்பு இருப்பதையும் பார்த்துவிட வேண்டும். அவசரமில்லாத கேஸ் என்றால் தேதியை டாக்டரோடு பேசி முடிவு செய்ய நோயாளிக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தை இதோடு கலக்காமல் தனி ஆள், தனி வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 2018 முதல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள். பில் போட்டு வாங்குகிற முறை இல்லை, பேக்கேஜ், அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்பே நிர்ணயித்த ஒரே தொகை. ஆகவே பேக்கேஜில் அடங்கிய எதற்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது என்பதைப் பில்லிங், பார்மசி ஆட்கள் இருவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். அந்தக் குடும்பம் கடன் வாங்கிப் பஞ்சு வாங்கிக் கொடுத்தது என்று புகார் போன பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

பெரும்பாலான மருத்துவமனைகள் பயிற்சியில் அக்கவுன்ட்ஸை மறந்துவிடுகின்றன. அப்ரூவல் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பணம் வங்கிக்கு வரும்போது ஒப்பந்தத் தள்ளுபடி போயிருக்கும், 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்திருப்பார்கள், அதற்கு மேலும் ஏதோ குறைந்திருக்கும். அந்த 'ஏதோ' என்ன என்று யு.டி.ஆர். எண்ணை (வங்கிப் பணப் பரிமாற்ற எண்) வைத்து ஃபைல் ஃபைலாகப் பொருத்திப் பார்க்க ஒருவர் வேண்டும். டி.டி.எஸ். வரிக் கணக்கில் திரும்ப வரும், தள்ளுபடி நீங்கள் கையெழுத்துப் போட்டது; மீதிதான் கேட்டு வாங்க வேண்டிய பணம். அந்தக் காரணங்கள் மாதாமாதம் உங்கள் நோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் வார்டுக்கு அடுத்த மாதம் என்ன சொல்லிக்கொடுப்பது என்று தெரியும்.

சரி, பயிற்சியை எப்படி நடத்துவது? ஹாலில் எல்லோரையும் உட்கார வைத்து ஸ்லைடு போட வேண்டாம். ஷிஃப்ட் மாறும் நேரத்தில், வார்டிலேயே, அரை மணி நேரம், ஒரே ஒரு பழைய ஃபைல். நோயாளி பெயரையும் பாலிசி எண்ணையும் மறைத்துவிட்டு, கொயரியை வாசித்துக் காட்டி, 'இந்தக் கேஸ் ஷீட்டில் இதற்குப் பதில் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று நர்ஸ்களிடமே கொடுங்கள். அவர்களே தேடி, அவர்களே இல்லை என்று சொல்லும்போது நடக்கிற மாற்றத்தை எந்த லெக்சரும் கொண்டுவராது. பேச்சு தமிழில் இருக்கட்டும். ராத்திரி ஷிஃப்ட்டை விட்டுவிடாதீர்கள், அதிகம் தவறுவது அங்கேதான். டூட்டி டாக்டர்கள் அடிக்கடி மாறுவார்கள், ஆகவே புதிதாகச் சேருகிறவர் முதல் நாளே அரை மணி நேரம் டெஸ்க்கில் உட்கார்ந்து அங்கே வருகிற கொயரிகளைப் படிக்க வேண்டும் என்று வழக்கமாக்குங்கள். பெரிய டாக்டர்களை வரவழைப்பது சிரமம், தெரியும்; எம்.டி. முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் வருவார்கள்.

டெஸ்க் பெண்களைப் பற்றி. வேலையை விட்டுப்போனவர் ஏன் போனார் என்று கேட்டீர்களா? நோயாளியின் குடும்பம் ஒரு பக்கம் கத்துகிறது, டாக்டர் ஒரு பக்கம் கத்துகிறார், போனில் டிபிஏ ஹோல்டில் போடுகிறது. மருத்துவமனைக்கு வருகிற பணத்தில் பெரும்பகுதி இவர்கள் கையைத் தாண்டித்தான் வருகிறது, சம்பளமோ ரிசப்ஷன் சம்பளம். காலியான இடத்துக்குக் கேஸ் ஷீட் படிக்கத் தெரிந்த, சில வருடம் வார்டில் இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸைப் போடுங்கள், நர்ஸ் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுங்கள். கொயரி வந்தால் டாக்டரிடம் நேராகப் போய் 'சார், இந்த வரி வேண்டும்' என்று கேட்கிற அதிகாரமும் அவருக்கு இருக்க வேண்டும். இது இல்லாமல் எத்தனை பயிற்சி கொடுத்தாலும், கற்றுக்கொண்டவர் ஆறு மாதத்தில் வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார்.

எல்லாம் சரியாக எழுதியும் நியாயமான கிளெய்மை மறுப்பார்கள். அப்போது குடும்பத்தை 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று அனுப்பிவிடாதீர்கள். நிறுவனத்தின் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புக்கொள்ளாமல் மறுக்கக் கூடாது, எந்த விதியின்படி மறுத்தோம் என்பதையும் எழுத்தில் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வாங்கச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதட்டும், 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளைப் பார்க்கிறார்கள், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. புகார் பாலிசிதாரர் பெயரில்தான் போக வேண்டும், ஆனால் சேர்த்ததற்கான காரணத்தை விளக்கி டாக்டர் கொடுக்கும் ஒரு பக்கக் கடிதம் அங்கே பெரிய பலம். அந்தக் கடிதம் எழுதுவதையும் உங்கள் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

சென்னைப் பயிற்சியை நான் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. நோய்களுக்குக் குறியீடு போடும் ஐ.சி.டி. கோடிங், போர்ட்டல் வேலை, கிளெய்ம்களை ஒரே தளத்தில் அனுப்ப தேசிய அளவில் வந்துகொண்டிருக்கும் என்.எச்.சி.எக்ஸ். முறை இவற்றை எல்லாம் வெளியில் கற்பதுதான் நல்லது. மூன்று மாதம் கழித்து, அந்த நர்ஸையும் மூத்த டெஸ்க் பெண்ணையும் மாற்றி மாற்றி அனுப்புங்கள், இருவரும் ஒரே நேரத்தில் போனால் டெஸ்க் நின்றுவிடும். போகும்போது உங்கள் நோட்டில் அதுவரை பதில் கிடைக்காமல் நிற்கிற கொயரிகளை எழுதி எடுத்துக்கொண்டு போகட்டும், அங்கே கேட்கட்டும்.